ஓடிக்கொண்டே கோப்புகளைக் கெடுத்த கணினி: நான்கு ராம் ஸ்டிக்குகள், ஒரு கேம் சர்வர், ஒரு கல்யாண ஆல்பம்

பின்னணி

கோயம்புத்தூரில் ஒரு வீடு. கணினி தம்பியுடையது, பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர். பணம் கட்டுவது பெரும்பாலும் அண்ணன். 2022-இல் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டம் அது: ரைசன் 5 5600 பிராசஸர், பி550 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 1 டிபி எஸ்எஸ்டி, 4 டிபி ஹார்ட் டிஸ்க், 550 வாட் எஸ்எம்பிஎஸ். ராமின் பெட்டியில் வேகம் 3600 என்று போட்டிருந்தது. பெட்டியில் போட்ட அந்த வேகத்தில் ராமை ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைக் கடைக்காரர் பயாஸில் ஆன் செய்துதான் கொடுத்திருந்தார். மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கணினிக்கு மூன்று வேலைகள். தம்பி விளையாடுவார். நண்பர்கள் பத்துப் பேருக்காக கட்டங்களை அடுக்கி ஊர் கட்டும் மைன்கிராஃப்ட் கேமின் (ஜாவா பதிப்பு) சர்வர் ஒன்றும் அதிலேயே இரவு பகலாக ஓடும். 4 டிபி டிஸ்க் வீட்டுப் படங்களுக்கான கிடங்கு.

சர்வருக்கு 6 ஜிபி ஒதுக்கியிருந்ததால் புதிய கேம்களுக்கு இடம் போதவில்லை. அதே நிறுவனம், அதே மாடல் எண் பார்த்து இன்னும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளை வாங்கிக் காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டுகளில் போட்டார்கள். கடையிலேயே மாட்டி, விண்டோஸ் திறந்து, டாஸ்க் மேனேஜரில் 32 ஜிபி, வேகம் 3600 என்று காட்டியதைப் பார்த்து வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். அன்றைய பில்லின் தேதி பின்னால் மிக முக்கியமானது.

என்னென்ன தெரிந்தது

சில நாட்களில், கணினி கேம்கள் விற்கும் தளமான ஸ்டீமில் கோடைத் தள்ளுபடி தொடங்கியது. தம்பி ஒரு பெரிய கேமை வாங்கினார். முதல்முறை திறந்ததும் ஷேடர் கம்பைல், அதாவது கேமின் காட்சி நிரல்களைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்பத் தயார்செய்யும் வேலை, ஓடியது. பாதியில் கேம் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி மூடியது. ஒருமுறை உள்ளே போய் அரை மணி நேரம் ஆடவும் முடிந்தது. கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினார், கேமின் தரத்தைக் குறைத்தார். ஸ்டீமில் ரீஃபண்ட் கேட்க வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆடிய நேரம்தான். ஷேடர் கம்பைலுக்குக் காத்திருந்ததும் அதில் சேரும். ஒன்றரை மணி தாண்டியதும் அண்ணன் ரீஃபண்ட் போடச் சொன்னார். பணம் வாலட்டுக்குத் திரும்பியது. கேம்தான் சரியில்லை என்று முடிவுகட்டினார்கள். ரீஃபண்ட் சுலபமாகக் கிடைத்தது அந்த முடிவை உறுதிப்படுத்தியது.

அந்தப் பணத்தில் வேறொரு கேம். ஏறத்தாழ 120 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இரண்டே முக்கால் மணி நேர வேலை. இறக்கம் 70 சதவீதத்தில் நின்று ‘கரப்ட் அப்டேட் ஃபைல்ஸ்’ என்றது. மறுபடி தொடங்கினால் கொஞ்சம் ஓடி ‘டிஸ்க் ரைட் எரர்’ என்றது. இணைப்பு நிறுவனத்துக்குப் புகார் போனது. ஆள் வந்து ஃபைபர் கனெக்டரை மாற்றிவிட்டு, வேகம் சரியாக வருகிறது என்று காட்டிவிட்டுப் போனார்.

அடுத்து சர்வர். மைன்கிராஃப்டில் நண்பர்கள் மாதக்கணக்காகக் கட்டிய ஊரின் நடுவே ஒரு சதுரம் காடாகிவிட்டது. 16 கட்டம் நீளம், 16 கட்டம் அகலம், கத்தியால் வெட்டினாற்போல நேரான விளிம்பு. உள்ளே யாரும் கால் வைக்காத மரங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு சதுரம். கடைசியாக அங்கே நின்றவர் என்று ஒரு நண்பர் மேல் பழி விழுந்தது. சர்வருக்குள் வர அனுமதி உள்ளவர்களின் பட்டியலான வைட்லிஸ்ட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

இடையில், விண்டோஸ் திடீரென்று நின்றுபோகும்போது தெரியும் நீலத்திரைகளும் வந்தன. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட், ஒருநாள் பேஜ் ஃபால்ட், ஒருநாள் ஏதோ டிரைவரின் பெயர். யாரும் குறித்துவைக்கவில்லை. குறித்திருந்தால் ஒரே காரணம் இரண்டு முறை வராததே ஒரு துப்பாகியிருக்கும்.

ஆறாவது வாரம் அக்காவின் கல்யாணப் படங்கள். ஸ்டுடியோ கொடுத்த பென் டிரைவிலிருந்து 3,812 படங்களை 4 டிபி டிஸ்க்குக்கு நகலெடுத்து, பென் டிரைவை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஃபோல்டரில் பார்த்தால் எல்லாச் சிறுபடங்களும் நன்றாகவே இருந்தன. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்க அக்கா ஒவ்வொன்றாகத் திறந்தபோது, தாலி கட்டும் படம் ஒன்றில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். மொத்தம் 9 படங்கள் அப்படி. கேமராவில் எடுத்த ஜேபெக் கோப்புக்குள் பெரும்பாலும் சிறுபடம் தனியாகப் பதிந்திருக்கும். பெரிய படம் கெட்டாலும் சிறுபடம் முழுதாகத் தெரியும். படம் இருக்கிறதா என்று ஃபோல்டரைப் பார்த்து உறுதிசெய்வது அதனால் சரிபார்ப்பு ஆகாது.

முதலில் எடுத்த முடிவுகள்

சாம்பல் படம் தெரிந்ததும் சந்தேகம் டிஸ்க் மேல் போனது. ஸாட்டா கேபிளை மாற்றினார்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 199 (சி7) என்ற அடையாள எண் உள்ள வரி, அதாவது கேபிள் வழியே வந்த தவறுகளின் எண்ணிக்கை, பூஜ்யமாகவே இருந்தது. கேபிள் கெட்டிருந்தால் அந்த எண் ஏறியிருக்கும். ஒதுக்கி மாற்றி எழுதிய செக்டர்களும் பூஜ்யம். இவற்றைப் பார்த்த பிறகும் ஒரு புதிய எஸ்எஸ்டி வாங்கினார்கள்.

புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை மறுபடி ஏற்றினார்கள். ஏற்றும்போதே ஒருமுறை கோப்பு கெட்டிருப்பதாகச் சொல்லி நின்றது. பழி பென் டிரைவ் மேல் போனது. இரண்டாம் முறை ஏறிவிட்டது. இந்த நிகழ்வில் அதிகச் செலவு வைத்த படி இதுதான். பணத்தைவிட மோசம், ராம் தவறு செய்யும் நிலையிலேயே இயங்குதளத்தின் ஒவ்வொரு கோப்பும் அதன் வழியாகப் போய் எஸ்எஸ்டியில் உட்கார்ந்தது. இதன் பிறகு எந்தக் கோளாறு வந்தாலும் அது இப்போதைய தவறா, ஏற்றும்போது படிந்த தவறா என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போனது.

யூபிஎஸ், ஆன்டிவைரஸ், மின்னழுத்தம் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டார்கள். ராம் மட்டும் பட்டியலில் இல்லை. கடைக்காரரிடம் கேட்டபோது அவர் சொன்னது: “தம்பி, ராம் போச்சுன்னா சிஸ்டமே ஆன் ஆகாது. இது கேம் பிரச்சினை.” பாதி உண்மை. முழுக்கச் செத்த ராம் இருந்தால் கணினி ஆன் ஆகாது. கோடிக்கணக்கான பிட்டுகளில் எப்போதோ ஒன்று புரளும் ராம் இருந்தால் ஆன் ஆகும், கேம் ஓடும், வாரக்கணக்கில் கோப்புகளைக் கெடுக்கும். வீட்டுக் கணினிகளில் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகையைத்தான்.

திசை மாறியது

பக்கத்துத் தெருவில் சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: “ஸ்டீமில் வெரிஃபை போட்டீர்களா? இரண்டு முறை போட்டால் ஒரே பதில் வருகிறதா?”

கேட்டதில் அர்த்தம் உண்டு. வெரிஃபை என்பது இறக்கி வைத்த கேம் கோப்புகளை ஸ்டீம் மறுபடி சரிபார்ப்பது. ஸ்டீம் கேமைச் சுமார் 1 எம்பி துண்டுகளாக இறக்கி, ஒவ்வொரு துண்டையும் அதன் ஹாஷ் எண்ணோடு, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணோடு, ஒத்துப் பார்க்கிறது. வழியில் கெட்ட துண்டு சோதனையில் விழுந்து மறுபடி இறங்கும். ஆகவே மோசமான இணைப்பு கேமை மெதுவாக்கும். கெட்ட கோப்பை டிஸ்க்கில் எழுத வைக்காது. இணைப்பு நிறுவனத்தின் ஆளை அழைத்தது அந்த அளவில் வீண். டிஸ்க்கில் ஒரு இடம் கெட்டிருந்தால் வெரிஃபை ஒவ்வொரு முறையும் அதே கோப்பைத்தான் காட்ட வேண்டும். முடிவு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் கோப்பு டிஸ்க்கில் சரியாக இருந்து, படித்துக் கணக்கிடும் இடத்தில் தவறு நடக்கிறது என்று பொருள். அது ராமாகவோ பிராசஸராகவோதான் இருக்கும்.

தம்பி வெரிஃபை போட்டார். முதல் முறை 3 கோப்புகள் சரியில்லை. இறங்கி முடிந்ததும் மறுபடி போட்டார். 1 கோப்பு, அதுவும் புதியது. மூன்றாவதில் எல்லாம் சரி. நான்காவதில் 2.

ஸ்டீம் இல்லாமலும் உறுதிசெய்ய, 40 ஜிபி அளவுள்ள ஒரே கோப்புக்கு விண்டோஸில் இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் எண்ணை மூன்று முறை எடுத்தார்கள். இரண்டு ஒத்துப்போயின, ஒன்று வேறு. கோப்பின் அளவு இங்கே முக்கியம். மொத்த ராமைவிடச் சிறிய கோப்பு என்றால் முதல் ஓட்டத்திலேயே அது கேஷில், அதாவது ராமில் வைக்கும் தற்காலிக நகலில், தங்கிவிடும்; கேஷில் ஒரு பிட் புரண்டிருந்தால் அடுத்தடுத்த ஓட்டங்களும் அதே தவறான எண்ணைத் தந்து, கோப்புதான் கெட்டிருக்கிறது என்று நம்ப வைத்துவிடும். ராமைவிடப் பெரிய கோப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

உடனே எடுத்த முதல் முடிவு: சர்வரை நிறுத்து, டிஸ்க்குகளில் எதையும் எழுதாதே. காரணம் கண்டுபிடிப்பது அதற்குப் பிறகு. தம்பிக்கு அன்றிரவே சோதனையைத் தொடங்க ஆசை. அண்ணன் 4 டிபி டிஸ்க்கின் கேபிளையே கழற்றி வைத்துவிட்டார்.

சோதனைகள்

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை வேறொரு கணினியில் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்தார்கள். பென் டிரைவை இந்தக் கணினியிலேயே தயாரிக்கக் கூடாது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை முன்பே போட்டு ‘பிழை இல்லை’ என்று வாங்கியிருந்தார்கள். அது பிழை காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

முதல் இரவு நான்கு ஸ்டிக்குகளோடு, 3600-இல் ஒரு முழுச் சுற்று. பிழை பூஜ்யம். இங்கே நிறுத்தியிருந்தால் மறுபடி டிஸ்க்குக்கே போயிருப்பார்கள். இரவு நேரம், குளிர்ந்த அறை, கிராஃபிக்ஸ் கார்டு சும்மா. பகலில் கேம் ஓடும்போது கார்டின் சூடு மேலே கிளம்பி ராம் மேல் அடிக்கும். ராமின் செல்கள் சூடேற ஏற மின்னேற்றத்தைச் சீக்கிரம் இழக்கும். விளிம்பில் நிற்கும் அமைப்பு அப்போதுதான் தவறும்.

மறுநாள் மதியம் ஒரு மணி நேரம் கேமை ஓடவிட்டு, கேபினட் சூடாக இருக்கும்போதே ரீஸ்டார்ட் செய்து மெம்டெஸ்ட் போட்டார்கள். இரண்டாம் சுற்றில் சிவப்பு வரிகள். எதிர்பார்த்த மதிப்புக்கும் கிடைத்த மதிப்புக்கும் ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம், முகவரிகள் அங்கங்கே சிதறி. விண்டோஸில், பிராசஸருக்கும் ராமுக்கும் கடும் கணக்குச் சுமை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளைப் பெரிய எஃப்எஃப்டி முறையில், கூடவே கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சுமை கொடுத்து ஓட்டியபோது இருபது நிமிடத்துக்குள் அதன் ஒரு வொர்க்கர் ரவுண்டிங் பிழையில், அதாவது கணக்கு தவறி, நின்றது.

பிறகு பிரித்துப் பார்த்தார்கள். பழைய ஜோடி மட்டும், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில், 3600-இல்: மெம்டெஸ்ட் நான்கு சுற்று, பிரைம்95 மூன்று மணி நேரம், பிழை இல்லை. புதிய ஜோடி மட்டும், அதே ஸ்லாட்டுகளில், அதே வேகத்தில்: பிழை இல்லை. இந்த இரண்டாவது முடிவு எல்லோரையும் குழப்பியது; புதிய ஸ்டிக்கில் ஒன்று கெட்டது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். ஸ்லாட் மேல் சந்தேகம் வந்து முதல், மூன்றாவது ஸ்லாட்டுகளில் ஒரு ஜோடியைப் போட்டு 2933-இல் ஓட்டினார்கள், பிழை இல்லை. நான்கையும் போட்டு, எக்ஸ்எம்பியை ஆனிலேயே விட்டு, வேகத்தை மட்டும் 2933-க்கு இறக்கி, சூடான கேபினட்டில் இரவு முழுக்க: பிழை இல்லை. மறுபடி 3600: மதியத்துக்குள் பிழை.

ஒரு ஸ்டிக்கும் கெட்டதில்லை. போர்டும் கெட்டதில்லை. நான்கும் சேர்ந்து 3600-இல் ஓடுவதுதான் அந்த அமைப்புக்குத் தாங்கவில்லை.

ஏன் இப்படி

எக்ஸ்எம்பி என்பது ஸ்டிக்குக்குள் எழுதியிருக்கும் ஓவர்கிளாக் அமைப்பு, அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓட்டும் அமைப்பு. டிடிஆர்4-இன் அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதைப் பெரும்பாலும் 1.35-க்கு ஏற்றும். பெட்டியில் 3600 என்று எழுதியவர் அந்த ஸ்டிக்குக்குப் பொறுப்பேற்கிறார், அதுவும் ஒரே பெட்டியில் வந்த ஜோடிக்கு. பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு ஏஎம்டி சொல்லும் எல்லை வேறு: இந்த வரிசைப் பிராசஸர்களில் இரண்டு ஸ்டிக் என்றால் 3200, நான்கு ஒற்றை ராங்க் ஸ்டிக் (ராங்க் என்பது ஒரு ஸ்டிக்கில் சேர்ந்து இயங்கும் சிப் தொகுதி) என்றால் 2933, நான்கு இரட்டை ராங்க் என்றால் 2667. பழைய ஜோடி 3600-இல் மூன்று ஆண்டுகள் ஓடியதே எல்லைக்கு வெளியேதான். அங்கே தாராளம் இருந்தது. நான்காக்கியதும் தாராளம் தீர்ந்துபோனது.

போர்டின் அமைப்பும் சேர்ந்துகொண்டது. இந்த விலையில் வரும் பெரும்பாலான போர்டுகளில் ஒரு சேனலின் இரண்டு ஸ்லாட்டுகளும் ஒரே கம்பிப் பாதையில் அடுத்தடுத்து இருக்கும். கடைசி ஸ்லாட்டில் ஒரே ஸ்டிக் இருந்தால் சிக்னல் மிகச் சுத்தமாக இருக்கும். நடுவிலும் ஒன்றைச் செருகினால் சிக்னல் அங்கே மோதித் திரும்பும். கையேட்டில் ‘இரண்டு ஸ்டிக் என்றால் இந்த இரண்டு ஸ்லாட்’ என்று படம் போட்டிருப்பது இதற்காகத்தான்.

‘அதே மாடல்’ என்ற நம்பிக்கையும் அரைகுறை. பாகங்களின் விவரம் காட்டும் சிபியூ-இசட் மென்பொருளில் ராமுக்கான எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் இரண்டு ஜோடிகளின் சிப் தயாரிப்பாளர்களும் வேறு வேறு. ஸ்டிக்கரில் மாடல் எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள வெர்ஷன் எண்ணும் வேறு. ஒரே மாடல் எண்ணுக்குள் கிடைக்கும் சிப்பைப் போட்டு விற்பது ராம் தொழிலில் சாதாரணம்.

கோப்பு கெட்ட விதத்துக்கும் விளக்கம் இதுதான். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகல் எடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் ராமில் இறங்கி ஏறுகிறது; விண்டோஸ் எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடுவதில்லை. ஜேபெக்கில் ஒரு பிட் புரண்டால் அதற்குப் பின்னால் உள்ள பகுதியைப் பிரிக்க முடியாமல் போகலாம், அதனால் கீழ்ப்பாதி சாம்பல். மைன்கிராஃப்ட் உலகம் ரீஜன் கோப்புகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு கோப்பில் 32-க்கு 32, மொத்தம் 1,024 சங்க்குகள். ஒவ்வொரு சங்க்கும் 16-க்கு 16 கட்டம், தனித்தனியாகச் சுருக்கப்பட்டது. சுருக்கிய தரவில் ஒரு பிட் போனால் அந்தச் சங்க் முழுதும் படிக்க முடியாது. சர்வர் அதை இல்லாததாகக் கொண்டு புதிதாக உருவாக்கிவிடும். காடான சதுரங்கள் அவை. நண்பர் யாரும் எதையும் இடிக்கவில்லை. சர்வர் லாகில், அதாவது அதன் நிகழ்வுப் பதிவில், அந்தச் சங்க்குகளைப் படிக்க முடியாத பிழைகள் தேதியோடு இருந்தன. பழி சொல்வதற்கு முன் லாகை யாரும் திறக்கவில்லை.

உண்மையான சர்வர்களில் இசிசி ராம் இருப்பது இதற்காகவே. ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும், லாகில் எழுதும். வீட்டுக் கணினியை நாள் முழுக்க ஓடவிட்டுச் சர்வர் என்று பெயர் வைத்தால் அந்த வசதி வந்துவிடாது.

கடையிலும் கணினியிலும்

முடிவுகளைப் படமெடுத்துக்கொண்டு தம்பி கடைக்குப் போனார். கடைக்காரர் புதிய இரண்டையும் தன் மேஜையில் இருந்த சிஸ்டத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது, வாரன்ட்டியில் அனுப்பினால் திரும்பி வந்துவிடும் என்றார். அது சரியான பதில். கெடாத பொருளுக்கு வாரன்ட்டி இல்லை. “ஒவ்வொண்ணும் தனியா நல்லாத்தான் இருக்குண்ணா. நாலும் சேர்ந்து ஓடாதுன்னு விற்கும்போதே சொல்லியிருக்கலாமே,” என்ற தம்பியின் கேள்வியும் சரிதான். இரண்டு நியாயமும் ஒரே மேஜையில் கொஞ்ச நேரம் நின்றன.

மூன்று வழிகள் இருந்தன. நான்கையும் 2933-இல் ஓட்டுவது. காசில்லாத வழி, சோதனையிலும் தேறியது. மின்னழுத்தத்தையும் டைமிங்கையும் திருத்தி 3600-லேயே நிலைநிறுத்தப் பார்ப்பது. பொழுதுபோக்காக ஓவர்கிளாக் செய்பவருக்கு ஏற்றது, கல்யாணப் படங்கள் இருக்கும் கணினிக்கு ஏற்றதில்லை. மூன்றாவது, நான்கையும் கொடுத்துவிட்டு 16 ஜிபி இரண்டு கொண்ட ஒரே பெட்டி ஜோடி வாங்குவது. கடைக்காரர் நான்கையும் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மீதியை அண்ணன் கட்டினார். வாங்கிய புது ஜோடி 3200. பிராசஸரின் எல்லைக்குள் இருக்கட்டும் என்றே 3600-ஐத் தவிர்த்தார்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் தம்பியின் கண்ணுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

மாட்டிய அன்றே நான்கு சுற்று மெம்டெஸ்ட், மறுநாள் சூடான கேபினட்டில் பிரைம்95, பிறகு 40 ஜிபி கோப்புக்கு ஐந்து முறை ஹாஷ். ஐந்தும் ஒன்றே. அதன் பிறகுதான் விண்டோஸை மூன்றாம் முறையாக, இந்த முறை உண்மையாகவே புதிதாக, ஏற்றினார்கள். சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி போதாதா என்று ஒரு பேச்சு எழுந்தது. விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு அது போதும். அமைப்புகள், டிரைவர்கள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றை அது தொடாது. அதனால் மறுநிறுவல்.

கோப்புகளை மீட்டது

பில் தேதி இங்கேதான் உதவியது. அந்தத் தேதிக்கு முன் டிஸ்க்கில் எழுதி, பிறகு தொடாமல் கிடந்த கோப்புகள் பாதுகாப்பானவை. படிக்கும்போது தவறினாலும் டிஸ்க்கில் இருப்பது மாறாது. தேதிக்குப் பின் உருவாகியவை, திருத்தியவை, இடம் மாற்றியவை எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. எக்ஸ்ப்ளோரரில் உருவாக்கிய தேதியையும் திருத்திய தேதியையும் வைத்து வடிகட்டி, அவற்றை மட்டும் ஒரு தனி ஃபோல்டரில் ஒதுக்கினார்கள்.

கல்யாணப் படங்களுக்கு ஸ்டுடியோவிடம் மூலம் இன்னும் இருந்தது. இரண்டு மாதம் தாண்டியும் அழிக்காமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். டிஸ்க் நிரம்பியதும் பழைய கல்யாணங்களை அழிப்பது பல ஸ்டுடியோக்களில் வழக்கம். மறுபடி முழுதும் வாங்கி, பழைய நகலோடு ஹாஷ் ஒப்பிட்டார்கள். 3,812-இல் 23 வேறுபட்டன. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தது 9 மட்டுமே. மீதி 14-இல் எங்கோ ஒரு கோடு, எங்கோ ஒரு நிறப் பிசகு. சிலவற்றில் பெரிதாக்கிப் பார்த்தாலும் எதுவும் தெரியவில்லை.

மைன்கிராஃப்ட் உலகம் அவ்வளவு சுலபமாக இல்லை. தினமும் இரவு உலகத்தை ஜிப் செய்து 4 டிபி டிஸ்க்கில் போடும் ஏற்பாடு இருந்தது. கடைசி ஏழு நாள் நகல்கள் மட்டும் மிஞ்சும். எட்டாவது தானாக அழியும். கண்டுபிடித்த நாளில் ஏழு ஜிப்பிலும் ஓட்டைகள் இருந்தன. ஜிப்பைச் சோதித்தால் ‘எல்லாம் சரி’ என்றது. ஜிப்பின் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி, ஜிப் செய்த பின் நடக்கும் கேட்டைத்தான் கண்டுபிடிக்கும். கெட்ட கோப்பை உள்ளே போட்டால் கெட்டதையே பத்திரமாகக் காக்கும்.

காப்பாற்றியது ஒரு நண்பரின் லேப்டாப். தனியாக ஆடிப் பார்க்க அவர் உலகத்தின் நகல் ஒன்றை, ராம் வாங்குவதற்குப் பத்து நாள் முன், எடுத்து வைத்திருந்தார். எம்சிஏ செலக்டர் என்ற இலவசக் கருவியால் அந்த நகலிலிருந்து தேவையான சங்க்குகளை மட்டும் எடுத்து இப்போதைய உலகத்தில் ஒட்டினார்கள். காடான சதுரங்கள் 11. அவற்றில் 8 முழுதாக மீண்டன. மூன்றில், நகலுக்கும் கேட்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் கட்டியவை போய்விட்டன. அவற்றைக் கையால் கட்டினார்கள். நீக்கிய நண்பரை வைட்லிஸ்ட்டில் சேர்த்தார்கள். அவர் உடனே வரவில்லை.

பின்விளைவு

அதன்பின் நான்கு மாதங்களில் நீலத்திரை இல்லை, வெரிஃபையில் குறை இல்லை. இரண்டாவது கேம் ஒரே இறக்கத்தில் வந்தது. முதலில் ரீஃபண்ட் செய்த கேமும் இந்தக் கணினியில் சரியாக ஓடியிருக்கும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தள்ளுபடி முடிந்து முழு விலைக்குப் போய்விட்டது. விஷ்லிஸ்ட்டில் போட்டு அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்கிறார் தம்பி. தேவையில்லாமல் வாங்கிய எஸ்எஸ்டி கேம்களுக்குப் பயன்படுகிறது.

மாற்றியவை

ராம் கூட்டுவதென்றால் இருப்பதோடு சேர்ப்பதில்லை. வேண்டிய மொத்த அளவை ஒரே பெட்டி ஜோடியாக வாங்கி, பழையதை விற்பது. அப்படியும் நான்கு ஸ்டிக் போட நேர்ந்தால், முதல் நாளே வேகத்தைப் பிராசஸரின் எல்லைக்கு இறக்கிவிட்டு, சூடான கேபினட்டில் சோதித்த பிறகே வேலை செய்வது. எந்த ராம் மாற்றத்துக்குப் பின்னும் குறைந்தது ஒரு இரவும் ஒரு மதியமும் சோதனை. அது முடியும்வரை புதிதாக எதையும் நகலெடுப்பதில்லை, விண்டோஸ் ஏற்றுவதில்லை.

புதிய கேம் மூடிக்கொண்டால் ஆடும் நேரத்தைச் சோதனையில் கரைக்காமல், முதல் அரை மணிக்குள் நிறுத்திவிட்டு, கேமுக்கு வெளியே கணினியைச் சோதிப்பது. ஸ்டீமின் வெரிஃபை இரண்டு முறை. பதில் மாறினால் கேமை விட்டு ராமுக்குப் போவது. ரீஃபண்ட்டுக்கான 14 நாளில் இதற்குத் தாராளமாக நேரம் உண்டு. இரண்டு மணி நேரத்தில்தான் இல்லை.

சர்வர் நகல்களில் ஏழு நாளோடு, மாதம் ஒன்று வீதம் ஆறு மாத நகல்களும் இப்போது தங்குகின்றன, அவை வேறொரு கணினியில். பென் டிரைவிலிருந்து படங்களை எடுக்கும்போது இரண்டு பக்கமும் ஹாஷ் எடுத்து ஒத்துப்போன பிறகுதான் பென் டிரைவை அழிக்கிறார்கள். 4,000 படங்களுக்கு இது சில நிமிட வேலை. இசிசி ராம் பற்றியும் பேசினார்கள். இந்தப் பிராசஸரும் பி550 போர்டுகளில் பலவும் அதை ஏற்கும் என்றாலும், உள்ளூர்க் கடைகளில் கிடைக்கவில்லை, விலையும் ஒத்துவரவில்லை; விட்டுவிட்டார்கள்.

தனியாக ஒதுக்கிய ஃபோல்டரில் இன்னும் சில கோப்புகள் கிடக்கின்றன: அந்த வாரங்களில் ஸ்கேன் செய்த ஆவணங்கள், போனிலிருந்து நகர்த்திய வீடியோக்கள். மூலம் இல்லாததால் அவை நல்லவையா கெட்டவையா என்று சொல்ல வழி இல்லை. ஆவணங்களை மறுபடி ஸ்கேன் செய்துவிட்டார்கள். வீடியோக்களை அப்படியே வைத்திருக்கிறார்கள்.